வகுப்பறையில் வாசகர் வட்டம்: ஒரு நாவலை மாணவர்களே பேசிப் படிக்க

துணைப்பாடத்தில் நாவலின் ஒரு துண்டு வரும். ஆசிரியர் வாசித்துக் காட்டுவார், கதைச்சுருக்கம் சொல்வார், தேர்வில் மையக்கருத்தை விவரிக்கச் சொல்லி ஒரு கேள்வி வரும். மாணவர் நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். ஆனால் ஒரு நாவலின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போன அனுபவம் அவருக்குக் கிடைத்திருக்காது. அந்த அனுபவத்தைத் தருவதற்கான வழிதான் வகுப்பு வாசகர் வட்டம். நான்கைந்து பேர் ஒரே நாவலை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று தாங்களே வகுத்துப் படித்து, ஒரு பாடவேளையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆசிரியர் விளக்கம் சொல்வதில்லை. எல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. விளக்கம் சொல்ல ஆரம்பித்த நிமிடத்தில் வட்டம் கலைந்து மறுபடியும் வகுப்பாகிவிடும்.

கீழே சொல்வது ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை, நாற்பது மாணவர், 45 நிமிடப் பாடவேளை, வாரம் ஒரு சந்திப்பு என்ற கணக்கில். சின்ன நாவலுக்கு நான்கு அல்லது ஐந்து வாரம் போதும்.

நாவலைத் தேர்வது

முதல் தடவை நூற்றைம்பது பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய நாவலில் தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் பின்தங்கி, பேச்சு படித்தவர்களுக்குள் மட்டும் நடக்கும். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. நூறு பக்கத்துக்குள் அடங்குவது, ஒரே ஒரு சல்லிக்கட்டில் நடப்பது, பேச்சுவழக்கில் உயிரோடு இருப்பது. ஏழு, எட்டாம் வகுப்பு என்றால் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யை எடுக்கலாம். 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல் அது, கீழடியை ஒட்டியது. இரண்டாம் சுற்றுக்குக் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நன்றாக வரும். தொடர்கதையாக எழுதப்பட்டது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் அடுத்ததைப் புரட்ட வைக்கும் இடத்தில் நிற்கும். அதில் மர்மமாக வரும் சிவனடியார் யார் என்று மாணவர்கள் வாரா வாரம் ஊகித்து எழுதி வைத்துக்கொள்ளலாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) அருமையான நாவல்தான். ஆனால் ஒரே நாயகன், ஒரே சிக்கல் என்று போகாமல் கதைக்குள் கதையாக விரிவது. முதல் நாவலாகக் கொடுத்தால் “கதையே நகரலையே சார்” என்ற குரல் வரும். ஒரு நாவலைப் பேசிப் பழகிய பிறகு கொடுங்கள்.

நான்கு நாவல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழு, குழுவுக்கு ஐந்து பேர் என்பது வசதியான ஏற்பாடு. ஒரே நாவலை இரண்டு குழு படிப்பதன் பயன் கடைசி வாரத்தில் தெரியும். அதற்குப் பத்துப் பிரதிகள் வீதம் நாற்பது பிரதி வேண்டும். பள்ளி நூலகம், கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் மூன்றையும் சேர்த்துத் தேடினாலும் ஒரே தலைப்பில் பத்துக் கிடைப்பது அரிது. மாவட்டப் புத்தகக் காட்சி நடக்கும்போது பள்ளி நிதியில் வாங்கி வைப்பது நல்லது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் தமிழ் நூல்களை மின்னூலாக இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், அச்சிட்டும் கொடுக்கலாம். காப்புரிமை உள்ள நாவலை முழுதாக நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். பணம் போதாவிட்டால் பிரதிகளைக் குறைத்துப் பகிர்ந்து படிக்க வையுங்கள். ஐந்து பேருக்கு மூன்று பிரதிக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ஒரு பிரதியை ஐந்து வீட்டுக்கு அனுப்பினால் நான்காவது வீட்டில் அது நின்றுவிடும்.

நீங்கள் முழுதாகப் படிக்காத நாவலை மாணவர் கையில் தரவே கூடாது. வன்முறை, பாலியல், சாதிப் பெயர்கள், வசைச்சொற்கள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று குறித்து வையுங்கள். தமிழ் நாவல்களில் நல்லது பலவற்றிலும் சாதி இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அதை எப்படிப் பேசுவது என்று பின்னால் வருகிறது.

குழு பிரிப்பது

ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாவலையும் மூன்று நிமிடம் அறிமுகம் செய்து, நடுவிலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம். பிறகு பிரதிகளை நான்கு மேசையில் வைத்து, மேசைக்கு நான்கு நிமிடம் வீதம் மாணவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். கடைசியில் ஒரு சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், ‘இது வேண்டவே வேண்டாம்’ என்று மூன்றும் எழுதித் தரட்டும். அன்றைக்கே குழுவை அறிவிக்காதீர்கள். சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் அமைதியாகக் குழுக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு விருப்பங்களில் ஒன்று எல்லோருக்கும் கிடைத்தாக வேண்டும். நெருங்கிய நண்பர்கள் இருவர் ஒரே குழுவில் இருக்கலாம், நால்வர் இருந்தால் சினிமாவைத்தான் பேசுவார்கள். வாசிப்பில் தடுமாறும் மாணவரை மற்றொருவருடன் இணையாக அமரும்படி வையுங்கள். தடுமாறுகிறவர்களை எல்லாம் சேர்த்து ஒரு குழுவாக்கினால் அந்தக் குழுவுக்கு என்ன பெயர் விழும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று பேர் போதாது, ஒருவர் வராவிட்டால் வட்டமே இல்லை. ஆறு பேர் ஆனால் பேச்சு இரண்டாகப் பிளக்கும். ஒரே தெரு, ஒரே பேருந்து என்று குழு தானாக அமைந்துவிடாமலும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் தெரு என்றாலே சாதிதான்.

எத்தனை பக்கம் என்று முடிவு செய்வது

ஊகத்தில் பக்கக் கணக்குப் போடுவதுதான் முதல் சறுக்கல். வகுப்பில் பத்து நிமிடம் மௌனமாகப் படிக்க விடுங்கள். நின்ற இடத்தைப் பென்சிலால் குறிக்கட்டும். குழுவில் அதிகமும் குறைவும் படித்தவர்களை விட்டுவிட்டு நடுவில் இருப்பவரின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நான்கு பக்கம் படித்திருந்தால் இருபது நிமிடத்துக்கு எட்டுப் பக்கம். வாரத்தில் நான்கு நாள் படிப்பார் என்று வைத்தால் முப்பத்திரண்டு. அதில் ஏறக்குறையக் கால் பங்கைக் கழித்து, வாரத்துக்கு இருபத்தைந்து பக்கம் என்று வையுங்கள். பரீட்சை, திருவிழா, காய்ச்சல் எல்லாம் அந்தக் கால் பங்குக்குள் அடங்கும்.

முடிக்கும் தேதியை நீங்கள் சொல்லுங்கள், இடையில் எங்கே நிற்பது என்பதைக் குழு முடிவு செய்யட்டும். சரியாக இருபத்தைந்தாம் பக்கத்தில் நிற்பதைவிட, ஏதோ நடக்கப்போகிற இடத்தில் நிற்பது நல்லது. ஒரு அட்டையில் தேதியும் பக்க எண்ணும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். முந்திப் படித்தவர் மேலே நடந்ததை உளறக் கூடாது என்ற விதியை அந்த அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பேச்சுவழக்கு நாவலில் முதல் பத்துப் பக்கத்தை நீங்களே வகுப்பில் சத்தமாக வாசிப்பது பெரிய உதவி. ‘வாடிவாசல்’ உரையாடல்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் கோயம்புத்தூர் மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் திணறலாக இருக்கும். காதில் ஒரு தடவை விழுந்துவிட்டால் அப்புறம் ஓடும்.

படிக்கும்போது எழுத வேண்டிய மூன்று சீட்டு

நீண்ட குறிப்பேடு வேண்டாம். குறிப்பேடு என்றாலே கதைச்சுருக்கம் எழுதிவிடுவார்கள். பழைய ஒருபக்கத் தாள்களை நான்காக வெட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒருவர் மூன்று சீட்டு கொண்டுவர வேண்டும். ஒன்றில் ஒரு கேள்வி. ஒன்றில் மனதில் நின்ற ஒரு வரி, பக்க எண்ணோடு. ஒன்றில் புரியாத இடம், அது ஒரு சொல்லாகவும் இருக்கலாம், ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதாகவும் இருக்கலாம். மூன்றாவது சீட்டைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். புரியவில்லை என்று எழுதுவது வெட்கம் என்று நம் வகுப்பறை பழக்கிவைத்திருக்கிறது. ஐந்து பேரும் ஐந்து புரியாத இடத்தோடு வரும் நாளில் அந்த வெட்கம் போய்விடும், பேச்சும் அங்கிருந்தே கிளம்பும்.

அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் எழுதிய நூல் வழியாகப் பரவிய முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கும். ஒருவர் கேள்வி எழுப்புவார், ஒருவர் பத்தி தேர்ந்தெடுப்பார், ஒருவர் சொற்களைக் கவனிப்பார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் தன் வாழ்க்கையோடு தொடர்புபடுத்துவார். தொடக்கத்துக்கு இது உதவும். ஆனால் பொறுப்புத் தாளை நிரப்பி வரிசையாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடும் ஆபத்தும் இதில் உண்டு. டேனியல்ஸே 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் இதை எச்சரித்திருக்கிறார். முதல் இரண்டு சந்திப்புக்கு வைத்துக்கொண்டு பிறகு விட்டுவிடலாம். மூன்று சீட்டு முறை இருந்தால் அதுவும் தேவைப்படாது.

கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது

உங்கள் உழைப்பில் பாதியை இங்கே செலவிடுங்கள். பத்தாண்டுகளாகப் பாடநூலின் வினாக்களைப் பார்த்துப் பழகிய மாணவர் ‘வாடிவாசல்’ படித்துவிட்டு முதல் வாரம் கொண்டுவருவது, அதன் நாயகன் பிச்சியைப் பற்றி “பிச்சியின் அப்பா பெயர் என்ன?” என்பதுதான். ‘அம்புலி’ என்று ஒருவர் சொல்வார், அதோடு பேச்சு முடியும். அந்தக் கேள்வியைக் கேலி செய்யாமல் அதையே எடுத்துத் தீட்டிக் காட்டுங்கள்.

கரும்பலகையில் அதை எழுதுங்கள். கீழே, “அம்புலியைக் குத்திக் கொன்ற காளையைப் பிடிக்கத்தான் பிச்சி வந்திருக்கிறான். அதை ஏன் யாரிடமும் வெளிப்படையாகச் சொல்லவில்லை?” என்று எழுதுங்கள். இதற்குப் பதில் ஒரு சொல்லில் வராது, புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். அதற்கும் கீழே, “பிச்சி வந்தது அப்பாவுக்காகவா, தனக்காகவா? எந்த வரியை வைத்துச் சொல்வாய்?” என்று எழுதுங்கள். இதில் ஐந்து பேர் ஐந்து விதமாக நிற்கலாம். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்களையே சொல்லச் செய்யுங்கள். ‘முதலாவதுக்குத் தேடினால் போதும், மூன்றாவதுக்குச் சண்டை போடணும்’ என்ற மாதிரி எதையாவது சொல்வார்கள். அந்த வாக்கியத்தையே சுவரில் ஒட்டுங்கள், அதைவிட நல்ல விதிமுறை உங்களிடமும் கிடையாது.

நல்ல கேள்விக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கேட்டவருக்கே விடை தெரிந்திருந்தால் அது வினாடி வினா. படிக்காமலே பதில் சொல்ல முடிந்தால் அது பட்டிமன்றத் தலைப்பு. இரண்டும் வேண்டாம்.

இந்த இரண்டாவது ஆபத்து ‘வாடிவாச’லில் உறுதியாக வரும். பத்து நிமிடத்தில் பேச்சு, சல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்று திரும்பி, 2017 மெரினா போராட்டத்துக்குப் போய், நாவல் மூடியே கிடக்கும். ஆர்வமான பேச்சுதான், தடுக்க மனம் வராது. ஆனாலும் அருகே போய், “இதைப் பற்றி நாவலில் வரும் ஜமீன்தார் என்ன நினைப்பார், கிழவன் என்ன நினைப்பார்? காட்டு பார்ப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டால் போதும்.

முதல் சந்திப்புக்கு முன்னால் ஒரு மாதிரி வட்டம் நடத்திக் காட்டுங்கள். நான்கு மாணவர் நடுவில் உட்கார்ந்து எல்லோரும் படித்த ஒரு சிறுகதையைப் பத்து நிமிடம் பேசட்டும், மற்றவர்கள் சுற்றி நின்று கவனிக்கட்டும். யார் அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசினார், யார் புத்தகத்தைத் திறந்தார், யாரைப் பேச விடவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள்.

சந்திப்பு நாளின் 45 நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் உங்களுடையது. அந்த வாரம் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். கதையை யார் சொல்கிறார்கள், காலம் எங்கே மெதுவாகிறது, ஒருவர் பேசாமல் இருக்கும் இடம் எது என்ற மாதிரி. அடுத்த ஐந்து நிமிடம் சீட்டுகளை எடுத்து, குறித்த பக்கங்களை மௌனமாகத் திரும்பப் பார்க்க. பிறகு இருபத்திரண்டு நிமிடம் பேச்சு. எட்டு நிமிடம் தனித்தனியாக எழுத்து. மீதி ஐந்தில் குழுவுக்கு ஒரு வாக்கியம், இன்று எது தீரவில்லை என்று.

எட்டுக் குழு ஒரே அறையில் பேசினால் இரைச்சல் வரும். நான்கு குழுவை உள்ளே நான்கு மூலையிலும், மற்றவற்றை வராந்தாவிலும் மரத்தடியிலும் உட்கார வையுங்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பேசச் சொன்னால் ஓரத்தில் இருப்பவர் விடுபடுவார். தரையில் வட்டமாக உட்காருவதே மேல். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தம் கேட்டு யாராவது வந்து அதட்டினால் அன்றைய வட்டம் அவ்வளவுதான்.

பேசும்போது அவரவர் பேச்சுத் தமிழில் பேசட்டும். “தூய தமிழில் சொல்” என்று ஒரு தடவை திருத்தினால் மூன்று பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மனதில் பட்டதைக் கோக்க ஒரு மாணவர் தேடுவது தன் வீட்டுச் சொற்களைத்தான். எழுதும் எட்டு நிமிடத்தில் எழுத்துத் தமிழுக்கு அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். அந்த மாற்றமும் ஒரு மொழிப் பயிற்சி.

நீங்கள் குழுவுக்கு இரண்டு மூன்று நிமிடம் வீதம் போய் நில்லுங்கள். வட்டத்துக்கு வெளியே, யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால். நடுவில் உட்கார்ந்தால் எல்லாப் பதிலும் உங்களைப் பார்த்துத்தான் வரும். கேள்வி கேட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் புத்தகத்தைப் பாருங்கள். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு பேசினாலும் உடனே திருத்த வேண்டாம். அடுத்தவர் திருத்துகிறாரா என்று பொறுத்திருங்கள், பெரும்பாலும் திருத்துவார். அந்த வாரம் முழுக்கத் தவறாகவே போனால் அடுத்த வாரத்தின் முதல் ஐந்து நிமிடத்தில், எந்தக் குழு என்று சொல்லாமல், அந்தப் பத்தியைச் சத்தமாக வாசியுங்கள்.

எங்கே கெடும்

படிக்காமல் வருவது எப்போதும் இருக்கும். வெளியே நிற்க வைப்பதோ மதிப்பெண்ணைக் குறைப்பதோ பயன் தராது. படிக்காதவர் அன்று வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு நேரத்தில் படிக்கட்டும். தன் குழு சத்தமாகச் சிரிக்கும்போது தான் மட்டும் பக்கத்தைத் துரத்திக்கொண்டிருப்பது போதுமான தூண்டுதல். இரண்டு வாரம் தொடர்ந்தால் தனியாகக் கேளுங்கள். வீட்டில் விளக்கு இல்லை, தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது என்று காரணம் வேறாக இருக்கும். மதிய இடைவேளையில் இணையுடன் சத்தமாகப் படிக்க இடம் செய்து கொடுங்கள்.

ஒருவரே பேசுவது அடுத்தது. ஆளுக்கு நான்கு புளியங்கொட்டை கொடுங்கள். பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்துவிட்டால் மற்றவர் தீர்க்கும்வரை கேட்க மட்டும்தான். இரண்டு சந்திப்புக்கு மேல் இது வேண்டாம், விளையாட்டே பெரிதாகிவிடும்.

பத்து நிமிடத்தில் “பேசி முடிச்சிட்டோம்” என்று வரும் குழு கேள்விகளுக்குப் பதில் மட்டும் சொல்லி முடித்த குழு. அவர்களிடம் ஒரு பத்தியைக் காட்டி, ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி எதையாவது சொல்ல வேண்டும் என்று விடுங்கள். கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும் குழுவுக்கு ஒரே வாக்கியம் போதும்: “எல்லாரும் படிச்சதுதானே, படிச்சதும் என்ன தோணுச்சு?”

சாதி பற்றி. யாருடைய சாதியையும் யாரும் கேட்கவோ சொல்லவோ கூடாது என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள். பேச்சு பாத்திரத்தைப் பற்றியே இருக்க வேண்டும். “இவங்க இப்படித்தான்” என்று தொடங்கும் வாக்கியம் காதில் விழுந்தால் மட்டும் நீங்கள் பொறுத்திருக்கக் கூடாது, உடனே வட்டத்துக்குள் போய், “யார்? எந்தப் பக்கத்தில்?” என்று கேட்டுப் பேச்சைப் பாத்திரத்துக்கு இழுங்கள். நாவலில் உள்ள வசைச்சொல்லைச் சத்தமாக வாசிக்க வேண்டியதில்லை, பக்கத்தைச் சுட்டினால் போதும். ஒரு மாணவர் திடீரென்று மௌனமாகிவிட்டால் பாடவேளை முடிந்ததும் தனியாகப் பேசுங்கள், வட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். இவ்வளவு கவனம் தேவைப்படுகிறதே என்பதற்காக அந்த நாவல்களை ஒதுக்க வேண்டாம். இதைப் பெரியவர் ஒருவரின் துணையோடு பேசிப் பார்க்க மாணவருக்கு வகுப்பறையைவிட நல்ல இடம் அரிது.

மதிப்பெண்ணும் கடைசி வாரமும்

மதிப்பெண் தந்தே ஆக வேண்டும் என்றால் இருபதுக்கு வையுங்கள். சீட்டுகளுக்கு எட்டு, எட்டு நிமிட எழுத்துக்கு எட்டு, நான்கு உங்கள் கவனிப்புக்கு. குழு மதிப்பெண் கொடுக்காதீர்கள், அதில்தான் மனத்தாங்கல் வரும். அதிகம் பேசியதற்கும் மதிப்பெண் வேண்டாம்.

கடைசிச் சந்திப்பில் ஒரே நாவலைப் படித்த இரண்டு குழுவையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குத் தீராத ஒரு கேள்வியை மற்றதிடம் கொடுக்கட்டும். ‘வாடிவாசல்’ குழுக்களில் அது பெரும்பாலும் முடிவைப் பற்றி இருக்கும்: பிச்சியிடம் பிடிபட்ட தன் காளை காரியை ஜமீன்தார் ஏன் சுட்டார்? ஒரு குழு அதைக் கௌரவம் என்று தீர்த்து வைத்திருக்கும், மற்றது அவர் தன் காளை மேல் வைத்த பாசத்தைப் பார்த்திருக்கும். இரண்டு பக்கமும் வரியைக் காட்ட நாவலில் இடம் இருக்கிறது. நீங்கள் எது சரி என்று கேட்கப்படுவீர்கள். சொல்லாதீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொருவரும் அரைப்பக்கம் எழுதிப் பிரதியின் பின்னட்டைக்குள் ஒட்டட்டும், அடுத்த ஆண்டு இதே பிரதியை எடுக்கப்போகும் மாணவருக்கு. கதையைச் சொல்லாமல், எந்த இடத்தில் அவசரப்படாமல் படிக்க வேண்டும், எந்த இடம் முதலில் சலிக்கும், ஏன் விடக் கூடாது என்று மட்டும். அடுத்த ஆண்டு நாவல் அறிமுகம் செய்யும் பாடவேளையில், உங்கள் மூன்று நிமிடத்துக்குப் பதிலாக அந்தத் தாள்களில் ஒன்றை வாசித்தால் போதும்.